வயது மூப்பின் காரணமாக

சான்றிதழைப் பார்த்தால் நானும் என் அக்காவும் ஒரே நாளில் பிறந்தவர்கள். உண்மையில் அவள் என்னைவிட இரண்டரை வயது மூத்தவள். அப்போதெல்லாம் பள்ளியில் சேர்க்கும்போது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் எதிர்ப்பக்கத்துக் காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று கணக்கு. அக்காவின் கை எப்போதோ காதைத் தொட்டுவிட்டது. ஆனாலும் அப்பா அவளைச் சேர்க்கவில்லை. பள்ளிக்கூடம் தூரம், வழியில் ஒரு வாய்க்கால் வேறு, பெண்பிள்ளையைத் தனியாக எப்படி அனுப்புவது, இரண்டும் சேர்ந்தே போகட்டும் என்று என் கை வளரும்வரை அவளை வீட்டிலேயே நிறுத்தி வைத்தார். கடைசியில் சேர்க்கப் போன அன்று தலைமை ஆசிரியர் பிறந்த தேதி கேட்டார். அப்பாவுக்கு இரண்டுமே நினைவில்லை. ஜூன் மாதத்தில் ஒரு நாளைத் தலைமை ஆசிரியரே தேர்ந்தெடுத்து, இரண்டு பேருக்கும் அதையே எழுதிவிட்டார். அன்றிலிருந்து நாங்கள் காகிதத்தில் இரட்டையர்.

ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. எனக்குப் படிப்பு வந்தது. அவளுக்குச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து விளையாடத்தான் வந்தது. எழுதுகிற வேலை எதுவானாலும் என் தலையில் விழும். காய்ச்சலுக்கு விடுப்புக் கடிதம், பிறகு ரேஷன் கார்டு மனு, அவள் வேலைக்கான விண்ணப்பம் எல்லாம் நான் எழுதியவை. நான் எழுதுவேன், அவள் கையெழுத்துப் போடுவாள். ஒரு நாளும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் பார்த்ததில்லை.

நான் விலங்கியல் படித்துச் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் ஆசிரியையானேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மேலவீதிப் பக்கம் ஒரு சின்ன வீடு, நிறையப் புத்தகம், யாரும் எதிர்த்துப் பேசாத வாழ்க்கை. அக்கா கடலூரில் வாழ்க்கைப்பட்டாள். செம்மண்டலத்தில் வீடு. மூன்று பிள்ளைகள். மாமா சீக்கிரமே போய்விட்டார். பிள்ளைகளை ஆளாக்கியது அவளுடைய அங்கன்வாடி வேலை. ஊரில் அதை இன்னும் பால்வாடி என்றுதான் சொல்வார்கள். பிள்ளைகள் மூன்றும் படித்து வெளியூர் போன பிறகும் அவள் அந்த வேலையை விடவில்லை. மூக்கு ஒழுகும் இருபது வாண்டுகள் அவள் புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

மூன்றாம் ஆண்டு மாணவிகளுக்கு நான் எடுக்கும் பாடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது, உடல் ஏன் முதுமை அடைகிறது என்ற பாடம். அதைப் பற்றி விஞ்ஞானிகள் ஒரு முடிவுக்கு வராததுதான் அதில் சுவை. பழைய கொள்கை, உடம்பு ஓடி ஓடித் தேய்கிறது என்பது. கீழவீதி முனையில் நிற்கும் பழைய சைக்கிள்களைக் காட்டி அதை ஆரம்பிப்பேன். பிறகு, சைக்கிள் தன் டயரைத் தானே ஒட்டிக்கொள்ளாது, உடம்பு ஒட்டிக்கொள்கிறதே, அப்படியிருக்க ஏன் தேய வேண்டும் என்று கேட்டு அந்தக் கொள்கையை நானே கவிழ்ப்பேன். அடுத்தது, நாம் மூச்சாக இழுக்கிற பிராணவாயுவே உள்ளே சில வன்மையான துகள்களை உண்டாக்கிச் செல்களை அரிக்கிறது என்பது. கடலூர்த் துறைமுகத்துப் பக்கம் ஜன்னல் கம்பியை உப்புக்காற்று தின்பதைப் பார்த்த பிள்ளைகளுக்கு அது உடனே புரியும். செல் பிரியும்போதெல்லாம் குரோமோசோமின் நுனி கொஞ்சம் குறைகிறது, நுனி தீர்ந்தால் செல் பிரிவதை நிறுத்திக்கொள்கிறது என்பது இன்னொன்று. இளமையில் உதவுகிற மரபணுவே பிற்காலத்தில் கெடுதலும் செய்யலாம், பிள்ளை பெறும் வயது தாண்டிய பிறகு வருகிற கெடுதலை இயற்கைத் தேர்வு அவ்வளவாகக் களைவதில்லை என்பது மற்றொன்று.

கடைசியாக எனக்குப் பிரியமான கொள்கையைச் சொல்வேன். உடம்பிடம் இருக்கும் சத்து ஓர் அளவுதான். அதைத் தன்னைப் பழுது பார்க்கவும் செலவழிக்கலாம், சந்ததிக்காகவும் செலவழிக்கலாம். இரண்டுக்கும் முழுதாகப் போதாது. சந்ததிதான் முக்கியம் என்பதால், பழுது பார்க்கிற வேலை அரைகுறையாக நின்றுவிடுகிறது. அதனால் முதுமை வருகிறது. ஒரு பானைச் சோற்றை எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சட்டியைச் சுரண்டிச் சாப்பிடுகிறவளை உங்கள் வீட்டில் பார்த்ததில்லையா, உடம்பும் அப்படித்தான் என்று சொல்வேன். வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதியில் எனக்கு ஒரு மயக்கம் இருந்தது. அதை ஒத்துக்கொண்டுதான் ஆகவேண்டும்.

அந்த இடத்தில்தான் ஒரு வருடம் அக்காவின் படத்தைத் திரையில் போட ஆரம்பித்தேன். அவள் வீட்டு வாசலில் நாங்கள் இருவரும் சேர்ந்து நின்ற படம். நான் நிமிர்ந்து நிற்கிறேன், தலையில் சாயம், முகத்தில் தெம்பு. அவள் முகம் ஊதி, கண்ணுக்குக் கீழே பை கட்டி, முடி கொட்டி வகிடு அகன்று, என் அம்மாவைப் போல நிற்கிறாள். “ஒரே தாய் தகப்பன். சான்றிதழில் ஒரே பிறந்த தேதி. ஒருத்தி பிள்ளை பெறவில்லை, ஒருத்தி மூன்று பெற்றாள். வித்தியாசத்தைப் பாருங்கள்” என்பேன். பிள்ளைகள் உச்சுக் கொட்டுவார்கள். அந்த இரண்டரை வருடத்தை நான் சொல்வதில்லை. சொன்னால் உதாரணத்தின் கூர்மை போய்விடும். ஒரே ஒரு படத்தை வைத்து எந்தக் கொள்கையையும் நிறுவ முடியாது என்று மற்ற வகுப்புகளில் கத்துகிறவளும் நான்தான்.

அக்காவுக்கு இது தெரியும். நானே பெருமையாகச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

“என் மூஞ்சியவா படம் காட்ற? சொல்லியிருந்தா நல்ல புடவ கட்டிகினு நின்னிருப்பேன்ல. போவட்டும், என்னால நாலு புள்ளைங்க பாடம் படிக்குதுங்கன்னா சரி.”

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிக் கடலூர் போவேன். ஒரு மே மாதம், கத்தரி வெயிலில் நான் வேர்த்து ஊற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தால், வீட்டில் ஃபேன் ஓடவில்லை. அக்கா முழுக்கை ரவிக்கைக்கு மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஃபேன போடேன், செத்துப் போயிடுவேன் போல இருக்குது” என்றேன்.

“எனக்குக் குளுருதுடி. ஒரு வருஷமாவே இப்பிடித்தான். நீ வேணும்னா வாசப்பக்கம் போயி ஒக்காரு.”

மே மாதத்துக் கடலூரில் ஒருத்திக்குக் குளிர்கிறது. தெருவில் போகிறவரைக் கேட்டிருந்தாலும் டாக்டரிடம் போகச் சொல்லியிருப்பார். நான் சொல்லவில்லை. வயது ஏற ஏற உடம்பு எரிகிற வேகம் குறையும், அடுப்பைச் சிம்மில் வைத்த மாதிரி, பயப்படாதே என்று விளக்கினேன். முடி கொட்டுகிறது என்றாள். வேர்ச்செல்கள் களைத்துவிட்டன என்றேன். எதையும் மறந்துவிடுகிறேன் என்றாள். மூளைச் செல்களில் கழிவு சேரும் என்றேன். அவளுடைய குரல் தடித்து, ஒவ்வொரு சொல்லாக இழுத்துப் பேச ஆரம்பித்திருந்தாள். அதற்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது. அவளுடைய ஒவ்வொரு குறைக்கும் என் கையில் ஒரு கொள்கை தயாராக இருந்தது. கேட்டுவிட்டு, “எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கடி நீ” என்பாள். அந்தப் பாராட்டுக்காகவே நான் இன்னும் கொஞ்சம் பேசுவேன்.

அந்த வருடம் செப்டம்பரில் வழக்கம்போல வகுப்பில் படத்தைப் போட்டேன். கடைசி வரிசையில் லால்பேட்டையிலிருந்து வரும் ஒரு பெண் எழுந்து நின்றாள். அதிகம் பேசாதவள்.

“மேம், அந்த அம்மாவுக்குத் தைராய்டு டெஸ்ட் எடுத்துப் பாத்தாங்களா?”

“ஏன் கேக்கற?”

“புருவத்தப் பாருங்க மேம். வெளிப்பக்கத்துல முடியே இல்ல. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் மூஞ்சி ஊதி, புருவம் கொட்டிப் போயிருந்துச்சு. எல்லாரும் வயசுன்னுதான் சொன்னாங்க. மாத்திரை போட்டதும் சரியாயிட்டாங்க, அல்ஹம்துலில்லாஹ்.”

நாலைந்து பேர் திரும்பி அவளைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்கு வருடமாக அதே படத்தைப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் புருவத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. அப்போது பார்த்தேன். அவள் சொன்னது போலவே இருந்தது. எனக்குச் சுருக்கென்றது, ஆனால் அக்காவை நினைத்து அல்ல. என் வகுப்பில், என் பாடத்தில், என் படத்தை வைத்தே ஒருத்தி என்னைத் திருத்துகிறாளே என்று.

“இங்க நாம முதுமையப் பத்திப் பேசறோம். நோயப் பத்திப் பேசறது வேற பேப்பர். உக்காரு” என்றேன்.

உட்கார்ந்துவிட்டாள். முகம் சிவந்திருந்தது. நான் அடுத்த படத்துக்குப் போனேன்.

அன்று மாலையே அக்காவுக்குப் போன் செய்து, ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொள் என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிருந்திருக்காது. அந்த எண்ணம் வராமல் இல்லை. வந்தது, தள்ளிவிட்டேன். அடுத்த வாரம் மறுபடி வந்தது, விடைத்தாள் திருத்த உட்கார்ந்தேன். ஒரு மாணவி சொல்லி நான் போவதா என்ற வீம்பு ஒன்று. பரிசோதனையில் ஏதாவது இருந்துவிட்டால் நான்கு வருடமாக நான் சொன்னதெல்லாம் என்ன ஆவது என்ற பயம் இன்னொன்று. இரண்டில் எது பெரிது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

நவம்பரில் அக்கா போன் செய்தாள். குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது. மதியம் பிள்ளைகளைத் தூங்க வைக்கும்போது அவளும் கண்ணசந்துவிட்டாளாம். உதவிக்கு இருக்கும் அம்மா அன்றைக்கு லீவு. ஒரு மூன்று வயதுப் பெண் குழந்தை கேட்டைத் திறந்துகொண்டு ரோடுவரை போய்விட்டது. பூ விற்கிற அம்மா பார்த்துத் தூக்கிக்கொண்டு வந்து விட்டாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் அம்மா வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனாள்.

மறுநாளே கடலூர் போனேன். அக்கா அழவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நா தூங்கணும்னு தூங்கலடி. கண்ணு தானா சொக்கிப் போவுது. ராத்திரி பூரா தூங்கறேன், பகல்லயும் தூக்கம் வருது. என்னா பண்றதுன்னு நீயே சொல்லு. அவுங்க யாரும் என்ன வேலய வுட்டுப் போவச் சொல்லல. நா போவணுமாடி?”

போக வேண்டாம் என்று சொல்வேனா என்று அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அன்றைக்கே பார்த்தேன். பார்த்தும், ஒரு மணி நேரம் பேசினேன். உடம்புக்கென்று ஒரு காலம் இருக்கிறது, உன் உடம்பு உனக்குச் சொல்கிறது, பிள்ளைகளுக்குக் கொடுத்தது போதும், கௌரவமாக விட்டுவிடு என்றெல்லாம் பேசினேன். அந்தப் புருவம் என் கண் முன்னாலேயே இருந்தது.

“சரி, அப்ப நீயே எழுதிக் குடுத்துடு” என்றாள்.

எழுதினேன். குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் அவர்களுக்கு. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். ‘வயது மூப்பின் காரணமாக என்னால் தொடர்ந்து பணியாற்ற இயலாத நிலையில் உள்ளேன்’ என்று ஒரு வரி வைத்தேன். நல்ல வாக்கியம் என்றுகூட நினைத்துக்கொண்டேன். அக்கா காகிதத்தை வாங்கி, கீழே நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அந்த மாதக் கடைசியில் அவளை விடுவித்துவிட்டார்கள்.

ஏப்ரலில் தேர்வு முடிந்து அந்த லால்பேட்டைப் பெண் என் அறைக்கு வந்தாள். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கதவுவரை போய்த் திரும்பினாள்.

“மேம், கோவிச்சுக்காதீங்க. அந்த அம்மாவுக்கு டெஸ்ட் எடுத்தீங்களா?”

“எடுத்தாச்சு. ஒண்ணுமில்ல” என்றேன்.

“அப்பாடா. நான் ரொம்ப நாளா நெனச்சுகிட்டே இருந்தேன் மேம்” என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள்.

வகுப்பில் திமிராகப் பேசியதற்குக்கூட என்னால் எனக்குள் சமாதானம் சொல்லிக்கொள்ள முடிந்தது. இந்தப் பொய்க்கு முடியவில்லை. நேரில் பார்த்தேயிராத ஒருத்தியின் புருவத்தை அவள் ஏழு மாதமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் கூடப் பிறந்தவள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் போய், காபி குடிப்பதற்கு முன் அக்காவை மஞ்சக்குப்பத்தில் ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு அழைத்துப் போனேன்.

தைராய்டு சுரப்பி ஏறக்குறைய வேலையையே நிறுத்தியிருந்தது. அறிக்கையைப் பார்த்த டாக்டரம்மா, என்னைவிடப் பாதி வயதுக்காரி, தலையைத் தூக்கிக் கேட்டாள்.

“இது பல வருஷமா இருந்திருக்கும் போல இருக்கே. வீட்ல யாருமே கவனிக்கலையா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

“இதோ இவ என் தங்கச்சி. சிதம்பரத்துல காலேஜ் டீச்சர், இந்தப் பாடந்தான் எடுக்கறா. இவதான் கண்டுபுடிச்சி கூட்டிகினு வந்தா. இல்லாட்டி நா இப்பிடியே கெடந்திருப்பேன்.”

டாக்டரம்மா என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தாள். நானும் தலையசைத்தேன். வேறென்ன செய்ய? ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. விடிந்ததும் வெறும் வயிற்றில் போட வேண்டும், அரை மணி நேரம் கழித்துத்தான் காபி. அவ்வளவுதான். அத்தனை கொள்கைகளையும் அடுக்கி வைத்து நான் விளக்கிய முதுமை, ஒரு மாத்திரையில் இறங்கிப்போகிற நோயாக இருந்தது.

இரண்டு மாதத்தில் முகத்து வீக்கம் வடிந்தது. ஒரு நாள் போன் செய்து, எடுத்த எடுப்பில், “ஃபேன அஞ்சுல வச்சிருக்கேன்டி, அப்பவும் புழுங்குது” என்று சந்தோஷமாகக் கத்தினாள். அந்தக் குரல் பழைய குரல். அதைக் கேட்டு நான் அழுதேன். அவளுக்குத் தெரியாமல்தான் அழுதேன். தீபாவளிக்குப் போனபோது புருவத்தின் வால் முளைத்திருந்தது. எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து பஸ் ஸ்டாண்டுவரை வந்து வழியனுப்பினாள். நான்தான் மூச்சு வாங்கினேன்.

அவளுக்கு முதுமையே இல்லை என்று சொல்லவில்லை. அவளுக்கும் வருகிறது, எனக்கும் வருகிறது, அதற்குக் காரணம் நுனி குறைவதா, துரு ஏறுவதா, சத்தைப் பங்கிட்டதா என்று எனக்குத் தெரியாது. முன்பு தெரிந்த அளவுக்கு இப்போது தெரியவில்லை. அந்தப் படத்தைப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று வகுப்பில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. லால்பேட்டைப் பெண் படிப்பை முடித்துப் போய்விட்டாள். நீ சொன்னதுதான் சரி என்று அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லும் தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை. அவளுக்குத் தெரிந்தவரை அந்த அம்மாவுக்கு ஒன்றுமில்லை.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா பால்வாடிப் பக்கம் போய் வந்ததாகச் சொன்னாள். அவள் இடத்துக்கு வேறொரு பெண் வந்துவிட்டாள். நல்ல பெண், பாட்டெல்லாம் பாடுகிறாள். பழைய பிள்ளைகளில் பாதிப் பேர் ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். ரோடுவரை போய்விட்டு வந்த அந்தக் குழந்தை மட்டும் இவளைப் பார்த்ததும் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டதாம். 

பிறகு, உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

“ஆபீஸ்ல கேட்டேன். நா குடுத்த லெட்டர எடுத்துக் காட்டினாங்க. வயசாயிடிச்சின்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்களேம்மான்னு சொன்னாங்க. எனக்கு அதுல அப்பிடி எழுதியிருக்குதுன்னே தெரியாதுடி. ஒடம்பு சரியில்லன்னு எழுதியிருப்பன்னு நெனச்சிகினு இருந்தேன்.”

தாளையும் பேனாவையும் வாங்கிக்கொண்டேன்.

“இப்ப மறுபடி ஒண்ணு எழுது. வேற எங்கனா காலியிருந்தாலும் பரவால்லன்னு எழுது. கெடைக்காதுன்னு தெரியும். எழுதி வைப்போம்.”

எழுதினேன். வயது மூப்பு அல்ல, கண்டறியப்படாத தைராய்டு குறைபாடு என்று எழுதினேன். முந்தைய கடிதத்தை எழுதியது நான்தான், தவறு என்னுடையது என்றும் ஒரு வரி சேர்த்தேன். அன்று போல எழுத்து அழகாக வரவில்லை. முடித்து, காகிதத்தை அவளிடம் நீட்டி, வழக்கம்போலக் கீழே விரலை வைத்துக் காட்டினேன்.

அக்கா என் விரலைப் பார்க்கவில்லை. அலமாரியிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் போய் நின்றாள். முதல் வரியிலிருந்து உதடு அசைய எழுத்தெழுத்தாகப் படித்தாள். தவறு என்னுடையது என்ற வரியில் நிற்கிறாளா என்று பார்த்தேன், நிற்கவில்லை. கடைசிவரை போய், மறுபடி மேலே வந்து இன்னொரு தடவை படித்தாள். அதற்குப் பிறகுதான் பேனாவைக் கேட்டாள்.